காருக்கு மட்டும் கட்டிய சாலை

1904 அக்டோபரில் நியூயார்க் நகரை அடுத்த லாங் ஐலண்ட் கிராமங்களில் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டது. எட்டாம் தேதி கார்ப் பந்தயம் நடக்கப்போகிறது. நாய்களைக் கட்டிப்போடுங்கள், கோழிகளை அடைத்து வையுங்கள், சாலைப் பக்கம் வராதீர்கள் என்பது அதன் சாரம். பந்தயம் நடக்கவிருந்தது விவசாயிகள் காய்கறி வண்டி ஓட்டிப் போகும் பொதுச் சாலையில். புழுதி அடங்கட்டும் என்று அதன்மேல் எண்ணெய் வேறு ஊற்றியிருந்தார்கள். விவசாயிகள் தடை கேட்டு நீதிமன்றம் போனார்கள். கிடைக்கவில்லை.

‘வாண்டர்பில்ட் கோப்பை’ என்ற இந்தப் பந்தயத்தை ஏற்பாடு செய்தவர் வில்லியம் வாண்டர்பில்ட். ரயில் பாதைகளில் பெரும் பணம் சேர்த்த குடும்பத்தின் நான்காம் தலைமுறை. அப்போது அவருக்கு 25 வயது. அதே ஆண்டு ஜனவரியில் புளோரிடாவின் கடற்கரை மணலில் மெர்சிடிஸ் காரை மணிக்கு 92 மைல் வேகத்தில், அதாவது கிட்டத்தட்ட 148 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிக் காட்டியிருந்தார். அந்த ஆண்டு நியூயார்க் மாநிலம் திறந்த வெளிச் சாலைகளுக்கு வைத்த உச்ச வேகம் மணிக்கு 20 மைல்.

அன்றைய பந்தயக் காரில் இரண்டு பேர் உட்காருவார்கள். ஒருவர் ஓட்டுபவர், இன்னொருவர் மெக்கானிக். பெல்ட் இல்லை, தலைக்கவசம் இல்லை. மெக்கானிக் ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் பம்ப் அடித்து எஞ்சினுக்கு எண்ணெய் போய்ச் சேரும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். டயர் கிழிகிறதா என்று எட்டிப் பார்க்க வேண்டும். பின்னால் வேறு கார் நெருங்கினால் ஓட்டுபவருக்குத் தட்டிச் சொல்ல வேண்டும். ஸ்டீயரிங் அவர் கையில் இல்லை. எப்போது திரும்பப் போகிறது, எப்போது பிரேக் விழும் என்பதும் அவருக்கு முன்கூட்டித் தெரியாது. முதல் பந்தயத்திலேயே ஒரு கார் கவிழ்ந்தது. ஓட்டிய பணக்கார இளைஞர் பிழைத்தார், மெக்கானிக் இறந்தார். யார் ஆசைப்பட்டார், யார் விலை கொடுத்தார் என்பதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் சொல்லவரும் சாலையின் கதை முழுவதும் அந்தக் கணக்குதான் ஓடுகிறது.

1906 பந்தயத்துக்கு இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கூட்டம் வந்ததாகச் சொல்கிறார்கள். வளைவுகளில் ஆட்கள் சாலைக்குள்ளேயே வந்து நின்றார்கள். கார் நெருங்கும்போது விலகுவார்கள், கடந்ததும் மறுபடி மூடிக்கொள்வார்கள். வாண்டர்பில்ட்டின் உறவினர் எலியட் ஷெப்பர்ட் ஓட்டிய கார் மோதி ஒரு பார்வையாளர் இறந்தார். 1907-இல் பந்தயமே நடக்கவில்லை.

இதிலிருந்து இரண்டு முடிவுக்கு வரலாம். பொதுச் சாலையில் இந்த வேகம் கூடாது என்பது ஒன்று. இந்த வேகத்துக்கென்று தனிச் சாலை வேண்டும் என்பது மற்றொன்று. வாண்டர்பில்ட்டும் அவருடைய கார் நண்பர்களும் இரண்டாவதை எடுத்துக்கொண்டார்கள். 1906 முடிவதற்குள் ‘லாங் ஐலண்ட் மோட்டார் பார்க்வே’ என்று ஒரு கம்பெனி பதிவாயிற்று. குதிரை வண்டி, மிதிவண்டி, நடந்து போகிறவர் யாருக்கும் இடமில்லை. கார் மட்டும், அதுவும் கட்டணம் கட்டிய கார் மட்டும். குறுக்கே எந்தச் சாலையும் வராது, புழுதி இருக்காது, போலீஸ் வேகத்தை அளக்காது என்பதுதான் விளம்பரம். கம்பெனியின் பொறுப்பில் இருந்த பார்டிங்டன் என்பவர், நேரமில்லாத தொழிலதிபர் இந்தச் சாலையில் ஏறிவிட்டால் வேகத் தடையெல்லாம் பின்னால் நின்றுவிடும் என்று எழுதினார். 1908 ஜூனில் முதல் மண் வெட்டினார்கள்.

கட்டுமானத்தில் குறை சொல்ல முடியாது. அமெரிக்காவில் பெரும்பாலான சாலைகள் மண்ணும் சரளையுமாகக் கிடந்த காலத்தில் இவர்கள் கான்கிரீட் போட்டார்கள். வளைவுகளில் வெளிப்பக்கத்தை உயர்த்திச் சாய்வு கொடுத்தார்கள். ஓரங்களில் கான்கிரீட் கம்பம் நட்டுக் கம்பி இழுத்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, குறுக்கே வந்த ஒவ்வொரு சாலைக்கும் பாலம் கட்டினார்கள். முழுச் சாலையும் முடிந்தபோது 65 பாலங்கள். இரண்டு சாலைகள் ஒரே மட்டத்தில் சந்திக்கக் கூடாது என்ற எண்ணத்தை ஒரு நெடும் சாலை முழுக்கச் செய்து காட்டிய முன்னோடி இது. பிற்காலத்தில் உலகெங்கும் எண்ணற்ற உயிர்களைக் காத்த எண்ணம் அது. அந்தப் பெருமையை இவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஆனால் நிலம் இவர்கள் கையில் இல்லை. அகலமான, நேரான பாதைக்குத்தான் திட்டம். அரசு கையகப்படுத்திக் கொடுக்கும் சாலை இல்லையே. ஒவ்வொரு நில உடமையாளரிடமும் பேசி வாங்க வேண்டும். பெரிய பண்ணை வீட்டுக்காரர்கள் சிலர் தம் நிலத்தின் நடுவே கார் ஓடுவதை விரும்பவில்லை. கொடுத்தவர்கள் நிலத்தில் சாலை போயிற்று, கொடுக்காதவர் நிலத்தைச் சுற்றி வளைந்தது. சாலையின் அகலம் பல இடங்களில் 22 அடி, சில இடங்களில் அதற்கும் குறைவு. பாலங்கள் குறுகலாகவும் முதுகு தூக்கியபடியும் இருந்தன. ஏறுகிறவருக்கு எதிர்ப்பக்கம் என்ன வருகிறது என்று தெரியாது. 1908-இன் கார்களுக்கு இது போதும். அடுத்த தலைமுறைக் கார் இதைவிட அகலமாக, கனமாக, வேகமாக வரும் என்று யோசித்திருந்தாலும் கான்கிரீட் ஊற்றிய பிறகு செய்ய ஒன்றுமில்லை.

1908 அக்டோபர் 10-ஆம் தேதி முதல் பகுதி திறக்கப்பட்டது. அதே அக்டோபர் முதல் தேதி டெட்ராய்ட்டில் ஹென்றி ஃபோர்டு ‘மாடல் டி’ காரை அறிமுகம் செய்திருந்தார். இந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவே ஒன்பது நாள். பணக்காரரின் பொழுதுபோக்காகக் காரை வைத்துக் கணக்குப் போட்ட சாலையும், காரைக் கூலிக்காரன் வீட்டு வாசலுக்குக் கொண்டுவரப்போகும் வண்டியும் ஒரே மாதத்தில் பிறந்தன. எதை நம்பிச் சாலை போட்டார்களோ அது மாறத் தொடங்கிவிட்டது.

கட்டணம் 2 டாலர். அந்த 2 டாலர் எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால், 1914-இல் ஃபோர்டு சம்பளத்தை உயர்த்துவதற்கு முன் அவருடைய தொழிற்சாலைத் தொழிலாளியின் ஒரு நாள் கூலி ஏறக்குறைய 2.34 டாலர். அந்தக் கட்டணம் ஏறக்குறைய ஒரு நாள் கூலி. சுங்கச் சாவடிகளோ சின்னச் சின்ன வீடுகள். பிற்காலத்தில் வாஷிங்டனில் ஜெஃபர்சன் நினைவகத்தை வடிவமைத்த ஜான் ரஸ்ஸல் போப்பைக் கொண்டு வரையச் செய்தவை. கட்டணம் வாங்குகிறவர் குடும்பத்தோடு அங்கேயே குடியிருப்பார். ராத்திரி எந்த நேரத்தில் ஹாரன் அடித்தாலும் எழுந்து வந்து கதவு திறக்க வேண்டும். கார்டன் சிட்டியில் இருந்த சாவடி வீட்டைப் பெயர்த்து வேறு இடத்தில் வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள், இன்றும் பார்க்கலாம்.

சாலை தயாரான பிறகாவது பந்தயம் பாதுகாப்பாக நடந்ததா? இங்கேதான் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. பந்தயச் சுற்றில் ஒரு பகுதி மட்டும் புதிய சாலை. மீதி பழைய பொதுச் சாலைகளேதான். வேலி போட்ட சாலையில் பிடித்த வேகம் வேலி இல்லாத சாலையிலும் தொடர்ந்தது. 1910 அக்டோபர் பந்தயத்தில் இரண்டு மெக்கானிக்குகள் செத்தார்கள். அவர்களில் ஒருவர் லூயி செவர்லே ஓட்டிய காரில் இருந்தவர். செவர்லே பிழைத்தார்; அடுத்த ஆண்டு அவர் பெயரில் கார்க் கம்பெனியே தொடங்கியது. இன்னொரு காரின் ஓட்டுநரும் படுகாயத்தோடு தப்பினார். 1904-ஐப் போலவே 1910-லும் ஸ்டீயரிங்கைப் பிடித்தவர்கள் பிழைத்து, பக்கத்தில் சம்பளத்துக்கு உட்கார்ந்தவர்கள் இறந்தார்கள். பந்தயத் திடல்களுக்கு வெளியே பந்தயம் கூடாது என்று மாநிலம் சட்டம் போட்டது. அதோடு லாங் ஐலண்டில் வாண்டர்பில்ட் கோப்பை முடிந்தது.

எந்தப் பந்தயத்துக்காகச் சாலை கட்டினார்களோ அந்தப் பந்தயம் இரண்டே ஆண்டுகளில் போய்விட்டது. சாலை மட்டும் நின்றது. 1911-இல் அதை ரொன்கன்கோமா ஏரிவரை நீட்டினார்கள்; அங்கே விருந்தினருக்கு ஒரு விடுதியும் கட்டினார்கள். பிறகு மேற்கே குவீன்ஸ் பக்கம் நீட்டினார்கள். கடைசியில் சுமார் 45 மைல். பணம் மட்டும் வரவில்லை. 2 டாலர் 1912-இல் ஒன்றரை டாலர் ஆயிற்று. 1917-இல் ஒரு டாலர். கடைசியில் 40 சென்ட். ஒரு தடவைகூட லாபம் காட்டாத சாலை இது.

கார் எண்ணிக்கை பெருகவில்லையா? பெருகியது, யாரும் எதிர்பாராத அளவுக்கு. 1920-களின் நடுவில் மாடல் டி 300 டாலருக்கும் கீழே கிடைத்தது. வாங்கியவர் அதிகாரி, ஆசிரியர், தச்சர், விவசாயி. இவர்கள் ஒரு டாலர் கொடுத்து, குறுகிய பாலங்கள் ஏறி இறங்கத் தயாராக இல்லை. ‘இத்தனை கார் வரும்’ என்ற கணிப்பு சரியாக இருந்தும் ‘இத்தனை கார் நம் சாலையில் வரும்’ என்ற கணிப்பு தவறிப்போகும். சுங்கச் சாலைத் திட்ட அறிக்கைகளைப் படிக்கும்போது இந்த வித்தியாசத்தைத் தேடிப் பார்ப்பது நல்லது. பெரும்பாலும் முதல் கணிப்பை மட்டும் விரிவாக எழுதி, இரண்டாவதை அதன் நிழலில் நிறுத்திவிடுகிறார்கள்.

கடைசி அடி அரசிடமிருந்து வந்தது. 1924-இல் லாங் ஐலண்ட் பூங்காக்கள் ஆணையத்தின் தலைவரான ராபர்ட் மோசஸ், கட்டணமில்லாத அகலமான சாலைகளைப் போடத் தொடங்கினார். வாண்டர்பில்ட் சாலைக்குப் பக்கத்திலேயே வடக்கு மாநிலப் பார்க்வே 1930-களின் தொடக்கத்தில் வந்தது. ‘எங்கள் சாலையை எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று கம்பெனி மோசஸிடம் கேட்டுப் பார்த்தது. காலத்துக்கு ஒவ்வாதது என்று அவர் மறுத்துவிட்டார். 1938 ஏப்ரலில் சாலையை மூடினார்கள். செலுத்தாமல் நின்றுபோன வரிக்கு ஈடாக நிலம் உள்ளாட்சிகளிடம் போய்ச் சேர்ந்தது. பங்கு வைத்திருந்தவர்கள் பெரும் பணக்காரர்கள், தாங்கிக்கொண்டார்கள். வர வேண்டிய வரிக்குப் பதில், பயன்படாத கான்கிரீட் பட்டையை வாங்கிக்கொண்டவர்கள் அந்த ஊர்க்காரர்கள்.

மோசஸின் சாலைகளையும் கொண்டாட வேண்டியதில்லை. கட்டணம் இல்லை என்பது உண்மை; லாரிக்கும் பஸ்ஸுக்கும் அங்கே இடமில்லை என்பதும் உண்மை. கார் இல்லாத நியூயார்க்வாசிக்கு அந்தச் சாலையால் பெரிய பயன் இருக்கவில்லை. சுங்கச்சாவடியை எடுத்துவிட்டால் மட்டும் சாலை எல்லோருக்கும் ஆகிவிடாது.

வாண்டர்பில்ட்டின் வீட்டுக்குள்ளும் வேகம் நுழைந்தது. 1933-இல் அவருடைய ஒரே மகன் புளோரிடாவிலிருந்து காரில் திரும்பும் வழியில் தென் கரோலினாவில் நடந்த விபத்தில் இறந்தார். சென்டர்போர்ட்டில் உள்ள தன் மாளிகையில் மகன் நினைவாக ஒரு பகுதியே கட்டினார் தந்தை. இதைத் தண்டனை என்றோ விதி என்றோ எழுதுவது அநியாயம். பிள்ளையை இழந்தவர் அவர். வேலி போட்ட 45 மைலுக்கு வெளியே, அமெரிக்காவின் சாதாரணச் சாலைகளில் அந்த வேகம் பரவிவிட்டிருந்தது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

லாங் ஐலண்ட் ஒரு தனிச் சம்பவம் என்று ஒதுக்கிவிடலாமா? இத்தாலியில் பியெரோ புரிசெல்லி என்ற பொறியாளர் மிலான் நகரையும் வடக்கு ஏரிகளையும் இணைத்து, கார்களுக்கு மட்டுமான கட்டணச் சாலை போட்டார். 1924 செப்டம்பர் 21-ஆம் தேதி மன்னரே வந்து திறந்து வைத்தார். ராத்திரியில் ஓட்ட ஆளில்லாமல் சில மணி நேரம் சாலையை மூடி வைத்தார்கள். தனியார் கம்பெனியால் தாக்குப்பிடிக்க முடியாமல் 1933-இல் அரசு எடுத்துக்கொண்டது. பெர்லினில் 1921-இல் திறந்த ‘அவுஸ்’ சாலையும் இதே வகைதான்: கட்டணம், கார் மட்டும், நடுநடுவே பந்தயம். 1937-இல் அதன் வடக்கு முனையில் செங்கல் பதித்துச் சுவர்போல எழுப்பிய வளைவில் 1959-இல் பிரெஞ்சு வீரர் ஷான் பெரா தூக்கி எறியப்பட்டு இறந்தார். 1967-இல் அந்த வளைவை இடித்தார்கள். மூன்று நாடு, மூன்று கம்பெனி. வேகம் தனியாருடையது; லாங் ஐலண்டிலும் இத்தாலியிலும் நஷ்டம் கடைசியில் பொதுவுக்கு.

இதை இப்போது ஏன் தமிழில் எழுத வேண்டும்? சென்னைக்கும் பெங்களூருக்கும் நடுவே நுழைவுக் கட்டுப்பாடு உள்ள விரைவுச் சாலை வேலை நடக்கிறது. 2022 மே மாதம் சென்னையில் அடிக்கல் நாட்டினார்கள். ஹொஸ்கோட்டேயில் தொடங்கி ஸ்ரீபெரும்புதூரில் முடியும் ஏறத்தாழ 260 கிலோமீட்டர். 2023 மார்ச்சில் திறந்த பெங்களூரு–மைசூரு சாலையில் அடுத்தடுத்து விபத்துச் சாவுகள் நடந்தன. அதே ஆண்டு ஆகஸ்ட் 1 முதல் இரு சக்கர வண்டி, ஆட்டோ, டிராக்டர் ஆகியவற்றுக்கு அதன் முக்கியப் பாதையில் தடை வந்தது. தடை நியாயமானதே. 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் காருக்கு நடுவே மொபெட்டை விடுவது கொலைக்குச் சமம். ஆனால் தடை போட்ட அன்று அந்த மொபெட் எங்கே போயிற்று என்று கேட்க வேண்டும். சர்வீஸ் ரோட்டுக்குப் போயிற்று. சர்வீஸ் ரோடு முழுசாக இருக்கிறதா, நடுவில் பாலம் வந்தால் அறுந்துபோகிறதா, ராத்திரியில் விளக்கு எரிகிறதா என்பதெல்லாம் முக்கியப் பாதையின் அழகிய புகைப்படங்களில் தெரிவதில்லை.

2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்தியப் போக்குவரத்து அமைச்சகம். பத்தில் ஏழு சாவுக்கு மேல் அதிவேகம் என்ற தலைப்பில் பதிவானவை. இறந்தவர்களில் ஏறக்குறைய 44 சதவீதம் இரு சக்கர வண்டியில் வந்தவர்கள். அதற்கு அடுத்து நடந்து போனவர்கள். நம் ஊரில் சாலையில் சாகிறவர் பெரும்பாலும் காரில் போனவர் அல்ல. 1910-இல் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்த மெக்கானிக்கின் இடத்தில் இன்று சாலையைக் கடக்கும் கிராமத்துக்காரர் நிற்கிறார்.

வேலியும் பாலமும் இருந்தால் போதும் என்று நினைக்கிறவர்களுக்கு லாங் ஐலண்ட் சொல்வது, பாலம் எங்கே வருகிறது என்பதுதான் எல்லாம் என்பது. நம் ஊரில் விரைவுச் சாலையால் நிலம் இரண்டாகப் பிரியும்போது கிணறு ஒரு பக்கமும் வயல் மறுபக்கமும் விழும். பள்ளிக்கூடம் அந்தப் பக்கம், வீடு இந்தப் பக்கம். சுரங்கப்பாதை இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்தால் யாரும் சுற்றிக்கொண்டு போக மாட்டார்கள். ஒரு நாள் வேலிக் கம்பி வளையும், அடுத்த நாள் அதில் ஆள் நுழையும் வழி வந்துவிடும். மழைக்காலத்தில் சுரங்கப்பாதையில் தண்ணீர் தேங்கினால் அந்த வழி நிரந்தரமாகிவிடும். சாவு அங்கேதான் நடக்கும், விபத்து அறிக்கையில் ‘அத்துமீறிக் கடந்தார்’ என்று எழுதுவார்கள்.

விரைவுச் சாலையே வேண்டாம் என்பதல்ல என் கட்சி. லாரியும் ஆம்புலன்சும் தடையில்லாமல் போக நல்ல சாலை வேண்டும்தான். வாண்டர்பில்ட்டின் கம்பெனி செய்த தப்பு சாலை போட்டது அல்ல. யார் ஓட்டுவார்கள், யார் கடப்பார்கள், வருமானம் வராவிட்டால் யார் தலையில் விழும் என்ற மூன்றையும் கேட்காமல் கான்கிரீட் ஊற்றியதுதான். இரண்டாவது கேள்விக்கு 65 பாலங்களில் பாதிப் பதில் கொடுத்தார்கள். மற்ற இரண்டையும் காலத்திடம் விட்டார்கள்.

நம் ஊரில் அந்தக் கேள்விகளைக் கேட்பதற்கு ஒரு நேரம் இருக்கிறது. அளவுக்கல் நடும் முன், கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும் நாளில் கேட்க வேண்டும். சுரங்கப்பாதைகளின் இடமும் உயரமும் குறித்த வரைபடத்தைத் தமிழில் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டச் சொல்ல வேண்டும். டிராக்டரும் நெல் ஏற்றிய வண்டியும் நுழையும் உயரம் அதில் இருக்கிறதா என்று அளந்து பார்க்க வேண்டும். ஒப்பந்தத்தில் வண்டி எண்ணிக்கை குறைந்தால் கட்டணம் வசூலிக்கும் ஆண்டுகள் நீளுமா, நீண்டால் எத்தனை ஆண்டு என்ற பக்கத்தைக் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும். சர்வீஸ் ரோடு முக்கியப் பாதையோடு ஒரே நாளில் திறக்கப்படுமா, பிறகு என்று தள்ளிப்போடப்படுமா என்பதற்கு எழுத்தில் பதில் வாங்க வேண்டும். கான்கிரீட் இறுகிய பிறகு ஒரு சுரங்கப்பாதையைப் புதிதாகத் தோண்டுவதற்கு ஆண்டுக்கணக்கில் மனு எழுத வேண்டியிருக்கும். அதற்குள் அந்த இடத்தில் எத்தனை பேர் கடந்திருப்பார்கள் என்று யாரும் எண்ணி வைப்பதில்லை.